ஒரு தட்டு, இரண்டு தட்டு

கண்டக்டர் மணிவேலின் உள்ளங்கைதான் அந்த பஸ்ஸில் சட்டம். கதவோரத் தகரத்தில் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் போ. டிரைவர் தபன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இருவரும் பெண்டாட்டியோடு பேசியதைவிட அந்தத் தகரத்தில் பேசியதுதான் அதிகம் என்று கிடர்பூர் ஸ்டாண்டில் கேலி செய்வார்கள்.

வங்காளத்துக்குப் பிழைக்க வந்து துறைமுகத்தில் லாரி ஓட்டிய சுந்தரம், லாரியை விற்று ஒரு பஸ் வாங்கி, மனைவி பெயரில் அனந்தலக்ஷ்மி பஸ் சர்வீஸைத் தொடங்கினார். பஸ்கள் பெருகி நியூ டவுன் வரை ஓடின. பதினைந்து வயதான வண்டி நகரத்தில் ஓடக் கூடாது என்றானதும், ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போயின. மிஞ்சியது தபனின் வண்டிதான். அதற்கும் சில மாதமே பாக்கி.

சுந்தரத்தின் பேரன் அஷ்வத் கடன் வாங்கி ஒரு மின்சார பஸ் இறக்கினான். முதல் வெள்ளோட்டத்துக்கு மணிவேலையும் தபனையுமே கூப்பிட்டு, தானும் ஏறிக்கொண்டான்.

“இதுல தட்டக் கூடாதுண்ணே. பெல் இருக்கு. பழக்கம் விடலைன்னா உங்களை இதுல போட முடியாது.”

“தட்ட மாட்டேன் தம்பி.”

ஐம்பதைத் தாண்டிய கண்டக்டரை வேறு எந்த முதலாளியும் எடுக்க மாட்டான் என்று மணிவேலுக்குத் தெரியும். வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

அலிப்பூர் கோர்ட் ஸ்டாப்பில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு இறங்கினாள். “ஆஸ்தே, கோலே பாச்சா” என்று, மெதுவாக, கைக்குழந்தை இருக்கிறது என மணிவேல் எப்போதும்போலக் குரல் கொடுத்தார். அவள் ஒரு கால் தரையைத் தொட்டதும் கை தானாக வெளியே வந்து இரண்டு தட்டு தட்டிவிட்டது. பழைய வண்டி இருமி, குலுங்கி, அப்புறம்தான் நகரும். அதற்குள் அடுத்த காலும் இறங்கிவிடும். புதியது துள்ளிப் பாய்ந்தது. மணிவேல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஓங்கி ஒரு தட்டு தட்டினார். வண்டி நின்றது.

அவள் வங்காள மொழியில் திட்டிக்கொண்டே போனாள். குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

“தப்பு என் மேலதான் தம்பி,” என்றார் மணிவேல்.

“இல்லே,” என்றார் தபன், மணிவேலிடம் கற்ற தமிழில். “பெல் வரலே. நான் ஏன் எடுத்தேன்?”

வண்டி நியூ டவுன் போய்ச் சேர்ந்தது. இறங்கியதும் அஷ்வத் இருவரையும் அண்ணன் முறை சொல்லியே பேசினான், ஒருவரைத் தமிழில், மற்றவரை வங்காளத்தில்:

“மணி அண்ணே, நீங்க இதுல இருங்க. தபன்-தா பழைய வண்டிக்கே போகட்டும். சேர்த்துப் போட்டா உங்க கையும் நிக்காது, அவர் காலும் நிக்காது.”

“அந்த வண்டி போனப்புறம் அவரு?”

“அடுத்த வண்டி அவருக்குத்தான். லோன் கிடைக்கணும்.”

தபன் பீடியைப் பற்றவைத்தார். “போ மணி-தா. கிழவனுக்கு இனிமே ஏசி காத்து.”

இப்போது மணிவேலின் வண்டிக்கு டிரைவர் தினேஷ்குமார். பெல் அடித்தால்தான் எடுப்பான். ஒருநாள் அலிப்பூரில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது பழைய வண்டி எதிரே வந்தது. தபன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தன் கதவில் இரண்டு தட்டு தட்டினார். மூடிய கண்ணாடிக்குள் சத்தம் வரவில்லை.

பதிலுக்குத் தட்ட எழுந்த மணிவேலின் கை பாதியில் நின்றது. கடைசியாக இறங்கியவரின் இரண்டு காலும் தரையில் ஊன்றியதைப் பார்த்த பிறகு, பெல்லை அழுத்தினார்.