சுண்ணாம்பு அடித்த பீரங்கி மேடை

காலை ஆறு பத்து. சேற்றுக் கரையில் முதலில் தெரிந்தது வெள்ளைப் பீடம். பிறகுதான் ராணுவ ஜீப்பும், அதன் முன்னால் குத்தவைத்திருந்த அத்தானும். அக்கா ஆள் அனுப்பியதால் லேபர் கேம்ப்பிலிருந்து ஓடி வந்திருந்தேன்.

1965 செப்டம்பர். பாகிஸ்தான் சண்டை நடந்துகொண்டிருந்தது, பம்பாயில் இருட்டடிப்பு. செம்பூருக்கு அப்பால் இந்தக் கழிமுகத்தில், உலகப் போரின்போது வெள்ளைக்காரன் இரண்டு பீரங்கிகள் வைத்திருந்தான். போர் முடிந்ததும் அவற்றைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவை இரண்டு வட்டக் குழிகள், பீரங்கிக் குண்டுகளை அடுக்கிவைத்திருந்த ஒரு குண்டு அறை, பீரங்கியைப் பூட்டி நிறுத்த குழிக்கு ஒன்றாக இடுப்பளவு கான்கிரீட் கட்டைகள். குண்டு அறை மழைக்கு ஒழுகாது. ஒர்க்ஷாப்பில் வேலை செய்த அத்தானும் இன்னும் மூன்று திருநெல்வேலிக் குடும்பங்களும் அதில் குடியேறின. மேலே சிறுத்த அந்தக் கட்டை, ஊரில் சுடலைமாடன் பீடம் இருப்பதுபோலவே இருந்தது. ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை போட்டு, வருஷா வருஷம் ஊரைப்போலவே கொடை விழா எடுத்தார்கள். சாமியாடி அத்தான்தான்.

இருட்டடிப்பு உத்தரவு வந்ததும் பீடத்து விளக்கை ஒழுங்காக அணைத்துவிட்டார்கள். கூடவே, குண்டு விழாமல் சாமி காக்கட்டும் என்று முந்தின நாள் அத்தான் கையால் புதுச் சுண்ணாம்பும் அடித்தார்கள். அரை மைலில் எண்ணெய்த் தொட்டிகள்.

"விமானத்துக்கு அடையாளம் வைத்தாயா?" என்று அதிகாரி இந்தியில் கேட்டார்.

"மாப்ள, சாமின்னு சொல்லும்வே. நான் சொன்னா சிரிக்கான்" என்றார் அத்தான் என்னிடம்.

நான் சொன்னேன். அதிகாரி கட்டையின் அடியில் துருத்திக்கொண்டிருந்த பழைய போல்ட்டுகளைப் பூட்ஸால் தட்டினார். "பீரங்கி போல்ட் மேலே பகவானா?"

சிப்பாய் சிரித்தான். "கிருஷ்ணனே கறுப்புதானே. உங்கள் சாமியும் கறுக்கட்டும்."

அரை மணி நேரத்தில் தார் பூச வேண்டும், வெள்ளையடித்தவனே பூச வேண்டும், இல்லையென்றால் உளவாளி என்று போலீஸ் தாணாவில் ஒப்படைப்போம் என்றார் அதிகாரி. மீனவர்களிடம் படகுத் தார் வாங்கி வந்தேன்.

"சாமி ஆடுத கையாலயா? கைய வெட்டிட்டுப் போவச் சொல்லும்" என்றார் அத்தான்.

அக்கா குண்டு அறை வாசலில் இடுப்புப் பிள்ளையோடு நின்றாள். "அங்க போயி அடிபட்டுச் சாவுததுக்கு இங்க பூசிருங்க. சுடுகாட்டுல இருக்கவருக்குக் கறுப்பு புதுசா?"

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையாலேயே பூசினார். அதிகாரி ஜீப் மேல் ஏறிப் பார்த்துவிட்டு, ஆறு ஐம்பதுக்குப் புறப்பட்டார்.

அடுத்த வருஷம் இன்னும் தொட்டிகள் கட்ட, குழிகளில் மண் கொட்டி மூடினார்கள். குண்டு அறையை இடித்தார்கள். அக்கா குடும்பம் தாராவிக்குப் போனது. அங்கேயும் கொடை நடக்கும். அதன் பிறகு அத்தான் ஆடியதில்லை.