காளிமுத்து ஸ்டோர்ஸும் வெள்ளைக் கொடிகளும்

காளிமுத்து அண்ணன் இறந்த செய்தி எனக்குச் சிரிப்போடுதான் வந்து சேர்ந்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் நடந்தது. நுவரெலியாவில் மகள் வீட்டில் சில நாள் தங்கிவிட்டு டயகம பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். வளைவு திரும்பியதும் அண்ணனின் கடைக் கூரையில் வெள்ளைக் கொடிகள் தெரிந்தன. "எழவுக் கடை, எழவுக் கடை. இறங்குறவங்க வாங்க" என்று கண்டக்டர் கூவினார். பின்னாலிருந்து ஒருவர், "மறுபடியும் மஞ்சத் தண்ணியில முக்கிட்டாரு போல" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். வாசலில் மதினி தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தார்.

அண்ணனை அறியாதவர்களுக்கு, கடைக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு, என் தையல் கடைக்குப் பக்கத்து அறையில் மளிகைக் கடை போட்டார். நல்ல சரக்கு, ஆள்தான் வரவில்லை. எங்கள் கடைகள் ரோட்டோரம் இருக்கின்றன. தோட்டத்துச் சனம் குடியிருக்கும் லயங்களும் கொழுந்து மலையும் தலைக்கு மேலே. அங்கிருந்து பார்த்தால் எல்லாக் கடையும் ஒரே துருப்பிடித்த தகரம்தான். நாங்களோ போர்டுகளை ரோட்டைப் பார்த்து மாட்டிவைத்திருந்தோம். பஸ்ஸில் வருகிறவர்கள் டவுனிலேயே சாமான் வாங்கிவிடுவார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"தங்கச்சி, வாங்குற சனமெல்லாம் மேல நிக்கிது. நாம பஸ்ஸுக்குப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறோம்" என்றார் அண்ணன்.

மாவுச் சாக்குகளைப் பிரித்துத் துவைத்துக் கொண்டுவந்தார். நான் அவற்றைக் கொடிகளாகத் தைத்தேன். மஞ்சளையும் குங்குமத்தையும் கரைத்து மதினி நிறமேற்றினார். மூங்கில் நட்டுக் கூரைக்கு மேலே கட்டியபோது திருவிழாக் களைதான். விடியும் முன் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? காலையில் ஒரு கொடியிலும் நிறம் இல்லை.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்குத் தெரிந்தது வெள்ளைக் கொடி. வெள்ளைக் கொடி கட்டினால் அது சாவு வீடு. மதினிக்கு அடிக்கடி இழுப்பு வரும். அவர்தான் போய்விட்டார் என்று முடிவு கட்டி, கூடைகளைப் போட்டுவிட்டு, கங்காணி கத்தக் கத்த மாரடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். முன்னால் வந்த பெண் ஒப்பாரியில் பாதியைப் பாடியே விட்டார். மதினி வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"என்னைய உசுரோட பாடையில ஏத்திப்புட்டீங்களே" என்று மதினி அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணன் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். வந்தவர்களுக்கும் வெட்கம். அழுத கண்ணோடு வெறுமனே எப்படித் திரும்புவது? "சரி, வந்ததுக்கு ஒரு சவுக்காரமாச்சும் குடுங்க" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். ஆளுக்கொரு சாமானோடுதான் மலை ஏறினார்கள்.

அன்றிலிருந்து கடைக்கு ஆள் வராத நாள் இல்லை. பெயரும் அன்றே விழுந்தது. பிறகு அண்ணன் நல்ல பெயிண்டில் 'காளிமுத்து ஸ்டோர்ஸ்' என்று போர்டு எழுதி, மலையைப் பார்த்து மாட்டினார். யார் வாயிலும் அது வரவில்லை. "தம்பி, எம்பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்று கண்டக்டரைக் கெஞ்சி, பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்து முடித்து, ஏறி நின்று, "எழவுக் கடை, ரைட்" என்றார். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளித்து, இறங்காமலே போய்விட்டார்கள். பிறகு அந்தப் பிள்ளைக்கு ஹட்டனில் நல்ல இடம் அமைந்தது. ஆனால் அன்று அண்ணன் கடையை அடைத்துவிட்டு என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கடைய எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, தங்கச்சி. என்னையத்தான் யாருக்கும் தெரியல. செத்த பொறகாச்சும் எம்பேரச் சொல்லுவாங்களா?"

நான் மெஷினை மிதித்தேன்.

அவர் செத்த அன்று மலையிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. கொடியைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், கொழுந்தைப் பறித்தார்கள். அண்ணன் உள்ளே கிடக்கிறார், மதினி தனியாக அழுகிறார். பொறுக்க முடியாமல் நானே மேலே ஏறினேன்.

"அண்ணன் போயிட்டாருடி. இறங்கி வாங்க."

"போங்கக்கா. போன தடவையும் இப்படித்தான் எங்களக் கேனச்சி ஆக்குனீங்க."

"எம்புள்ள மேல சத்தியம்டி."

அதற்குப் பிறகுதான் நம்பினார்கள். ஒரு மனுசனின் சாவுக்கு நான் பிள்ளை மேல் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கீழே வந்தவர்களில் யாரும் மதினியின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. பார்க்க எங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கருமாதியன்று வாழை இலை வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் என் பக்கத்தில் குனிந்து, "அன்னிக்கு உள்ள கெடந்தாருன்னு தெரியாதுக்கா. ரொம்பக் கூசுது" என்றார். வளைவு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காளிமுத்து ஸ்டோர்ஸ், காளிமுத்து ஸ்டோர்ஸ்" என்று கூவினார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நல்லதண்ணி ஊரிலிருந்து வந்த அண்ணனின் சொந்தக்காரர்கள்கூட, மடியில் கோடித் துணியை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பஸ் நகரத் தொடங்கியது. நான் எழுந்து மணியை இழுத்தேன். வேறு வழியில்லை, அண்ணே, நானேதான் சொன்னேன்: "எழவுக் கடை இதுதாங்க, இறங்குங்க."

எல்லோரும் இறங்கினார்கள்.

போய் வாருங்கள், அண்ணே. பஸ்ஸில் உங்கள் பேரைச் சொன்னார்கள். அதைக் கேட்டு எழுந்தது நான் ஒருத்திதான்.