சனிக்கிழமை நோட்டு

பெங்களூரு அடுகோடியில் நான் கணக்குப் பாடம் நடத்தும் பள்ளியில், ஒரு ஆசிரியரின் வகுப்புக்குள் இன்னொரு ஆசிரியர் போகும் வழக்கம் இருந்ததில்லை. சாக்பீஸ் தீர்ந்துபோனால்கூட பக்கத்து வகுப்பின் வாசலில் நின்றுதான் கேட்போம். உள்ளே இருப்பவர் பாடத்தை நிறுத்திவிட்டு எடுத்துக் கொடுப்பார். பதினோரு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, என் அறையில் நடப்பதும் யாருக்கும் தெரியாது. அதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு பிரின்சிபல் மேடம் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து என்னைக் கூப்பிட்டார். அவர் நல்ல மனுஷி. ஓய்வு பெறுவதற்குள் எதையாவது மாற்றிவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு.

"மேலேருந்து சொல்லி ஒண்ணும் மாறாது மிஸ். டீச்சர்ஸே உக்காந்து பேசணும். நீங்க லீட் டீச்சரா இருங்க. உங்ககிட்டன்னா பேசுவாங்க," என்றார்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் நடுநிலை வகுப்பு ஆசிரியர்கள் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அந்த வாரம் தன் வகுப்பில் எது சரியாகப் போகவில்லை என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடுநடுவே ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நோட்டு என் பொறுப்பு.

முதல் சனிக்கிழமை ஆறு பேர் வந்தோம். கன்னட மிஸ்தான் முதலில் சிரித்தார். எங்களில் மூத்தவர் அவர். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி நடத்தியே தமிழ் பேசக் கற்றவர்.

"நம்ம தப்ப நாமளே எழுதிக் குடுக்கறதா? பேடப்பா பேட, வேண்டவே வேண்டாம். நாளைக்கு இதையே தூக்கி நம்ம முன்னாடி வெச்சா?"

"யாரும் பாக்க மாட்டாங்க மிஸ். நம்மளுக்குள்ளதான்," என்றேன். அதைச் சொன்னது நான்தான். பிரின்சிபல் மேடம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

சொன்ன வாயால் நானே முதலில் எழுதினேன். பின்னங்களைக் கூட்டும்போது ஏன் கீழே இருக்கும் எண்ணைச் சமமாக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். 'அது அப்படித்தான்' என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். எனக்கே அதை விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. எழுதி முடித்துச் சத்தமாகப் படித்தபோது காது சூடாகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சயின்ஸ் மிஸ் ஒரு தாளை எடுத்து மடித்து, பாதியும் மூன்றில் ஒன்றும் எப்படி ஒரே அளவுத் துண்டுகளாகும் என்று காட்டினார். நான் அடுத்த திங்களன்று வகுப்பில் அப்படியே செய்தேன்.

சயின்ஸ் மிஸ் தர்மபுரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். வீட்டுக்காரருக்கு பொம்மசந்திராவில் கம்பெனி வேலை. எங்கள் பள்ளியில் சேர்ந்து மூன்றாவது வருடம், இன்னும் வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்தான். அந்த ஆறு பேரில் ஒளிவுமறைவே இல்லாமல் எழுதியவர் அவர் ஒருவர்தான். வாரத்துக்கு ஒரு தோல்வி கேட்டால் மூன்று எழுதுவார்.

மெல்ல மெல்ல மற்றவர்களும் எழுதினார்கள். கன்னட மிஸ் ஒரு வாரம் இப்படி எழுதினார்: 'தமிழ்ப் பிள்ளைகள் பாலைக் குறிக்கும் ஹாலு என்பதை ஆலு என்று படித்தால் நான் சிரித்துவிடுவேன். நான் சிரித்ததும் வகுப்பே சிரிக்கும். இத்தனை வருடமாக அப்படித்தான்.' எழுதிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சயின்ஸ் மிஸ்ஸின் ஏழாம் வகுப்பில் நாங்கள் மூன்று பேர் போய் உட்கார்ந்த நாளை என்னால் மறக்க முடியாது. மின்சுற்றுப் பாடம். பேட்டரி, சின்ன பல்பு, செம்புக் கம்பி எல்லாம் கொண்டுவந்திருந்தார். கம்பியை இணைத்தார். பல்பு எரியவில்லை. பேட்டரியை மாற்றினார். எரியவில்லை. பின்னால் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம், அவர் கழுத்தில் வியர்வை இறங்குவது தெரிகிறது. நானாக இருந்தால் படத்தைப் போர்டில் வரைந்து மணியடிக்கும் வரை ஓட்டியிருப்பேன்.

அவர் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "எனக்குத் தெரியலப்பா. ஏன் எரியல? வந்து பாருங்க."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அவள் அப்பா பக்கத்துத் தெருவில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவர். அந்த வருடம் முழுக்க அவள் என் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கம்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"மிஸ், இது மோட்டார் கம்பி மிஸ். மேல எனாமல் பூசியிருக்கும். கரண்ட் போவாது. சொரண்டணும்."

ஸ்கேலின் விளிம்பால் இரண்டு முனைகளையும் சுரண்டி வைத்தாள். பல்பு எரிந்தது. வகுப்பு போட்ட சத்தத்தில் மேல்மாடியிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கன்னட மிஸ் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அந்தச் சனிக்கிழமை சயின்ஸ் மிஸ் எழுதினார்: 'இந்தக் கம்பியின் மேல் பூச்சு உண்டு என்று எனக்குத் தெரியாது. மாணவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.'

மறு வருடம் ஜனவரியில் பள்ளிச் செயலாளர் என்னை அழைத்தார். மெயின் ரோட்டில் புதிதாக ஒரு பெரிய பள்ளி வந்திருந்தது. எங்களுடையதில் சேர்க்கை குறைந்து, ஏழாம் வகுப்பில் ஒரு பிரிவை மூடி, ஒரு ஆசிரியரைக் குறைப்பதாகப் பேச்சு இருந்தது.

"ஏதோ நோட்டு மெயின்டெய்ன் பண்றீங்களாமே மேடம். ரொம்ப நல்ல விஷயம். குடுங்க, பாத்துட்டுத் தர்றேன்," என்றார்.

நோட்டு என் கைப்பையில்தான் இருந்தது. 'அது எங்களுக்குள் மட்டும் சார்' என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் கையை நீட்டியபடி இருந்தார். என் மகள் அதே பள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த நொடியில் நான் அதை நினைத்தேனா, இல்லை பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானமா என்று இன்றுவரை தெரியவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து பிரின்சிபல் அறைக்குக் கூப்பிட்டார்கள். செயலாளர், பிரின்சிபல் மேடம், சயின்ஸ் மிஸ், நான். நோட்டில் மஞ்சள் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. எட்டோ ஒன்பதோ இருக்கும். எல்லாம் ஒரே ஆளின் கையெழுத்து இருந்த பக்கங்கள். பின்னத்தைப் பற்றி நான் எழுதிய பக்கம் அப்படியே தாண்டிப்போனது.

"கம்பி மேல பூச்சு இருக்கறது சயின்ஸ் டீச்சருக்குத் தெரியாது. ஸ்டூடன்ட் சொல்லித் தரணும்," என்று செயலாளர் படித்தார். "இது நீங்க எழுதினதுதானே மேடம்?"

"ஆமாங்க சார்."

"கான்ட்ராக்ட் ரின்யூவல் கஷ்டம்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

"சார், அது வந்து... அந்த கிளாஸ்ல நானும் இருந்தேன். நான் பாத்ததுலயே நல்ல கிளாஸ் சார் அது," என்றேன். அவ்வளவுதான் வந்தது. நோட்டின் நோக்கமே வேறு, நாங்கள் எல்லோருமே இப்படித்தான் எழுதினோம் என்றெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். செயலாளர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், பிறகு நோட்டை மூடினார். பிரின்சிபல் மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவில் சயின்ஸ் மிஸ் என்னைக் கேட்டார்.

"நோட்ட நீங்களா குடுத்தீங்களா மிஸ், இல்ல அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க மிஸ்."

"கேட்டா குடுத்துடுவீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்று சாயங்காலமே ஒரு கடிதம் எழுதினேன். இந்த ஆசிரியர் போகக் கூடாது, நோட்டை வைத்து இப்படி முடிவெடுப்பது நியாயமில்லை என்று. ஸ்டாஃப் ரூமில் கையெழுத்துக்காகக் கொண்டுபோனபோது ஒருவர் ஃபோன் வந்ததாக எழுந்து போனார். இன்னொருவர், "எனக்கும் கான்ட்ராக்ட்தான் மிஸ், மன்னிச்சுக்கங்க," என்றார். அவரை நான் என்ன சொல்ல முடியும்? கன்னட மிஸ் மட்டும் வாங்கி, கன்னடத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் சனிக்கிழமை அவர் சொன்னதை எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிரின்சிபல் மேடம் கடிதத்தைப் படித்துவிட்டு, "என் கையில என்ன இருக்கு சொல்லுங்க," என்றார். செயலாளர், "பாக்கலாம்," என்றார். ஏப்ரலில் சயின்ஸ் மிஸ் சார்ட்டுகளைச் சுருட்டி, ஆய்வக அலமாரியின் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போனார். ஏழாம் வகுப்பின் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் கேட் வரை அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

லீட் டீச்சர் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். "நீங்களும் விட்டா இதுவும் போயிடும் மிஸ்," என்று பிரின்சிபல் மேடம் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஜூனில் கட்டம் போட்டு அச்சடித்த புது நோட்டு வந்தது. இப்போதும் சனிக்கிழமை உட்காருகிறோம். 'பாடம் நன்றாகச் சென்றது', 'மாணவர்கள் ஆர்வமாகக் கேட்டனர்' என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதுகிறார்கள். அடியில் நான் கையெழுத்துப் போடுகிறேன். நான் வகுப்பைப் பார்க்கப் போனால், போன வாரம் நடத்தி முடித்த பாடத்தையே திரும்ப நடத்துகிறார்கள். பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் கை தூக்குகிறார்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் சயின்ஸ் மிஸ்ஸைப் பார்த்தேன். வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பக்கத்திலேயே ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அவரே என்னைப் பார்த்து வந்து பேசினார்.

"புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு டிரெயினிங் குடுக்கச் சொல்லியிருக்காங்க மிஸ். பாக்ஸ் தப்பா ஒட்டிட்டா மறைக்காம சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்னு சொல்றேன். ஒருத்தியும் சொல்ல மாட்டேங்கறா. பயப்படறாங்க."

"என்ன பண்றீங்க அப்புறம்?"

"என்ன பண்றது? நானே டப்பாவ ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாக்கறேன்," என்று சிரித்தார். என் மகள் பத்தாவதில் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். சயின்ஸில் ஏதாவது சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அனுப்பச் சொன்னார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. அவரும் ஏறினார். உள்ளே நிற்க இடம் கிடைத்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.