கறுப்பு வானத்தில் நான் வைத்த நிலா

பஸ்ஸில் உட்கார்ந்தால் கண் சொருகும் வயது இப்போது எனக்கும் வந்துவிட்டது. அப்போது அத்தைக்கு அந்த வயது. விடியும் முன்பே எழுந்து, மரக்காணத்தில் பஸ் பிடித்து, ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா வீட்டில் வேலை செய்துவிட்டு, இருட்டும்போது திரும்புவாள். அந்தத் தாத்தாவுக்குப் பழைய படங்கள் சேர்க்கிற பைத்தியம். செம்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்செடுத்த இங்கிலாந்து மலைகள், ஆறுகள், இடிந்த கோட்டைகள். இருநூறு வருடப் பழசாம், எல்லாமே கறுப்பு. அவற்றைத் தொட்டுத் தூசி தட்டி வைக்கும் உரிமை அத்தைக்கு மட்டும்தான். அவள் அலுத்துக்கொள்ளாமல் செய்த ஒரே வேலை அது.

ஒரு மழைக்காலத்தில் தாத்தா தன் ஊருக்குப் போனார். மாசிக்குள் படங்களில் பூசணம் பிடித்துவிட்டது. அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாங்கள் உப்பளத்துக் குடும்பம். ஈரத்துக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வேலை செய்யும் உப்பளத்து வரப்பில் பாய் விரித்து, பூசணம் பிடித்த ஏழு படங்களையும் பரப்பினாள்.

"காத்துல பறக்காம பாத்துக்கடி. நான் கொஞ்ச நேரம் கண்ண மூடறேன்" என்று கொட்டகை நிழலில் சாய்ந்தாள்.

காற்று அடித்தது. உப்பளத்தில் கல்லுக்கு எங்கே போவது? அன்று காலை வாரிக் குவித்த உப்பிலிருந்து கட்டிகளைப் பொறுக்கி மூலைக்கொன்று வைத்தேன். பெரிய படத்துக்கு நடுவிலும் ஒன்று. புது உப்பு தண்ணீர் விடும் என்பது உப்பளத்துப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு எட்டு வயது, தோன்றவில்லை. கட்டியை எடுத்தபோது கறுப்பும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. படத்தின் கறுப்பு வானத்தில் வட்டமாக ஒரு வெள்ளை. நிலா! எனக்கு ஒரே பெருமை. அத்தை என்னை அடிக்கக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தாத்தா வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். "நான்தான் வச்சேங்க, தெரியாம" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். அவர் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

"பரவால்ல, அம்மா. இனிமே படம் இருக்கற ரூம நானே பாத்துக்கறேன். உங்களுக்கு வேலை ஜாஸ்தி."

பஸ்ஸில் திரும்பும்போது அத்தை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். தாத்தாவுக்கு நிலா பிடித்துவிட்டது, அதனால்தான் இந்தச் சலுகை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

"இனிமே வேலை கம்மிதானே அத்தே? சீக்கிரம் வந்துடலாம்ல?"

"ஆமாண்டி" என்றாள். "சீக்கிரம் வந்துடலாம்."

அவளுக்கு ஒரு வேலையைக் குறைத்துக் கொடுத்த திருப்தியில், அவள் மடியிலேயே தூங்கிப்போனேன்.