அறுபதினாயிரம் கட்டை

கனடாவில் எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம், தபால்பெட்டிக்குள் வந்து விழும் வங்கிக் கடிதங்கள்தான். கிழமைக்கு மூன்று, நாலு வரும். 'நீங்கள் ஏற்கனவே அங்கீகரிக்கப்பட்டுவிட்டீர்கள்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும். முதல் கடிதம் வந்த அன்று சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் ஓடிப்போய் மனைவி வதனியிடம் நீட்டினேன். என் அகதி வழக்குத்தான் சரிவந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன்! அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்துவிட்டு, "இஞ்சேருங்கோ, இது பாங்க்காரன். உங்களுக்கு கிரெடிற் காட் தரப்போறானாம்" என்றாள். நான் யார், திருகோணமலையிலிருந்து ஏன் ஓடிவந்தேன், திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று அரசாங்கம் நாலு வருஷமாகத் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு கேள்வியும் கேட்காமல் வங்கி என்னை அங்கீகரித்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

வழக்கு ஒருவழியாக முடிந்து கையில் பேப்பர் வந்தபிறகு, அந்தக் கடிதங்களை நான் குப்பைக்குள் போடுவதை நிறுத்தினேன். காரணம் அப்பா. அம்மா போனபின் அவர் திருகோணமலையில் மட்டிக்களி வீட்டில் தனிய இருந்தார். முப்பது வருஷம் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டிய மனுசன். பெரிய பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்து இறங்குதுறையில் கட்டிவிடுவதுதான் வேலை. சமாதானம் என்று சொன்ன காலம்தான், ஆனாலும் ஊரில் மறுபடியும் ஆட்கள் காணாமல் போகத் தொடங்கியிருந்தார்கள். வாங்கோ அப்பா, வாங்கோ அப்பா என்று மன்றாடி மன்றாடி, "சரி, ஒருக்கா வந்து பேத்தியைப் பாத்திட்டுப் போறன்" என்ற அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன். வந்தபிறகு திருப்பி அனுப்புகிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அவரை அந்த ஊரிலிருந்து உயிரோடு வெளியில் எடுத்துவிடவேண்டும், அவ்வளவுதான்.

விமானச்சீட்டுத் தரும் காட் என்று இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. மேசையில் இரண்டையும் விரித்துவைத்து, கலியாணத்துக்குச் சாதகம் பார்ப்பதுபோல் பார்த்தோம். ஒன்று விமானக் கம்பனி ஒன்றோடு சேர்ந்த காட். ஒரு டொலர் செலவழித்தால் ஒரு மைல். சேர்ந்தவுடனேயே ஒரு கொத்து மைல் இனாம். மற்றது சாதாரண வங்கிக் காட். இரண்டு டொலருக்குத்தான் ஒரு புள்ளி. ஆனால் சேர்ந்த புள்ளியை வைத்து எந்தக் கம்பனியின் ரிக்கற்றையும் காசு கொடுத்து வாங்குவதுபோல வாங்கலாம், விலையும் அச்சடித்து வரும், திகதியும் மாற்றலாம். வதனி பொடி எழுத்தை எல்லாம் விரல் வைத்து வாசிக்கிறவள். "இதையே எடுப்பம். ஊர் கிடக்கிற கிடையிலை திகதி மாத்த வேண்டி வந்தால்?" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "அரை மைல் தாறவனிட்டைப் போய் ஆராவது நிப்பானோ? உமக்குக் கணக்குத் தெரியாட்டிச் சும்மா இரும்" என்று வாயை அடைத்துவிட்டு, கூட மைல் தருகிற காட்டில் கையெழுத்தைப் போட்டேன். அந்தப் பேனையை இன்றைக்கு நினைத்தாலும் கை கூசுகிறது.

எங்கள் பக்கத்தில் மைல் என்ற சொல்லை அவ்வளவாகப் பாவிப்பதில்லை. கட்டை என்றுதான் சொல்வோம். வீதியோரத்தில் நட்டிருந்த மைல்கட்டைகளை வைத்து வந்த பழக்கம். நிலாவெளி வீதியில் மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்றே ஊர்கள் இருக்கின்றன. அப்பாவிடம் தொலைபேசியில் நான் காட் விஷயத்தை விளக்க, அவர் கேட்டார்: "அப்ப நீ சாமான் வாங்க வாங்க அவன் உனக்குக் கட்டை தாறான். அப்பிடியோ?" ஓம் என்றேன். "விசர் நாடடா தம்பி. நான் துறைமுகத்துக்குள்ளை ஓடின ஓட்டத்துக்கு ஆராவது கட்டை தந்திருந்தால் சந்திரனுக்குப் போட்டு வந்திருப்பன்" என்று சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதல் கேள்வி அதுதான். "எத்தினை கட்டை சேந்திட்டுது?" பேத்தி எப்படி என்பது இரண்டாவது கேள்வி.

சேர்த்தேன், பேய்பிடித்தவன்போலச் சேர்த்தேன். பாண், பால், பெற்றோல், பிள்ளைக்குப் பம்பேர்ஸ், எல்லாம் அந்தக் காட்டில். ஊர்ச் சங்கத்தில் ஒருவருக்குக் கலியாண மண்டபம் எடுக்க வேண்டுமென்றால் நான் முன்னுக்குப் போய் நின்று, "என்ரை காட்டிலை இழுங்கோ, காசைக் கையிலை தாங்கோ" என்பேன். என்னைக் கண்டால் 'கட்டைக்காரன் வாறான்' என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டுமே! இரண்டரை வருஷத்தில் அறுபதினாயிரம் சேர்ந்தது. அதற்கிடையில் அப்பாவுக்கு விசாவும் கிடைத்தது. விசா முடிவதற்குள் மைலுக்குக் கொடுக்க அந்தக் கம்பனியிடம் இருந்தது ஒரே ஒரு நாளில் ஒரே ஒரு இருக்கை. பிடித்தேன். அன்று நான் வேலை செய்யும் பேக்கரியில் எல்லோருக்கும் என் செலவில் கோப்பி. அதையும் காட்டில்தான் இழுத்தேன்.

ரிக்கற்றை ஈமெயிலில் அனுப்ப, அப்பா திருகோணமலை நகரத்துக் கொம்யூனிக்கேசன் கடையில் அச்சடித்து வாங்கிக்கொண்டு அங்கிருந்தே எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, விலை போடுற இடத்திலை சைபர் போட்டிருக்கு. இது செல்லுமோ?" மைலுக்கு எடுத்த ரிக்கற்றுக்கு விலை இல்லை, சைபர்தான் வரும் என்று சொன்னேன். "சும்மா தாற சாமானை நான் ஒருநாளும் நம்பினதில்லை" என்றார். நான் சிரித்தேன். வதனி சிரிக்கவில்லை.

பயணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது சண்டை மூண்டது. கொழும்பு பஸ் நின்றது, ரயில் நின்றது. உட்துறைமுகப் பக்கம் இருந்து ஷெல் போகிற சத்தம் தொலைபேசியில் எனக்கே கேட்டது. அப்பா அமைதியாகச் சொன்னார்: "ஒரு கிழமை தள்ளிப்போடு தம்பி. இப்ப வெளிக்கிட ஏலாது." விமானக் கம்பனிக்கு அடித்தேன். இந்த வகை ரிக்கற்றுக்குத் திகதி மாற்ற முடியாது, வராவிட்டால் மைல் முழுவதும் போய்விடும் என்றார்கள். போனால் போகட்டும் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். கடன்பட்டாவது வேறு ரிக்கற் எடுத்திருக்கலாம், விசாவை நீட்டிக் கேட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பாவுக்குத் திரும்ப எடுத்து, "இரண்டரை வருஷமாச் சேத்தது அப்பா. எல்லாம் வீணாப் போயிடும். எப்பிடியாவது வெளிக்கிடுங்கோ" என்றேன். அதையும் கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன். "சரி ராசா, பாக்கிறன்" என்றார். அதற்குப்பின் அவர் குரலை நான் கேட்கவில்லை.

கொழும்புக்கு நூற்றறுபது கட்டை. பஸ் ஓடாவிட்டாலும் துறைமுகத்துப் பக்கத்து ஆலையிலிருந்து கோதுமை மா ஏற்றிய லொறிகள் மட்டும் வரிசையாக, பாதுகாப்போடு போய்க்கொண்டிருந்தன. அப்பாவுக்குத் தெரிந்த, கிண்ணியா ஊர் லொறிச் சாரதி ஒருவர், நியாஸ் என்று பெயர், முன்சீற்றில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். விமானத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, விடிந்தவுடனே வெளிக்கிட்டிருக்கிறார்கள். அடுத்த நாள் காலைத் தேநீர் இடைவேளையில் பேக்கரியின் பின்பக்கம் நிற்கும்போது என் கைத்தொலைபேசி அடித்தது. நியாஸ். கொழும்பிலிருந்து.

"தம்பி, ஐயாவ எறக்கிட்டாங்க தம்பி" என்றார். அழுதார். வழியில் ஒரு சாவடியில் மறித்து எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா கடவுச்சீட்டையும் ரிக்கற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். சீருடைக்காரன் விலை போட்ட இடத்தில் விரலை வைத்து, "கவுத துன்னே?" என்றானாம். ஆர் தந்தது? கனடாவுக்குச் சும்மா ரிக்கற் தருகிற ஆள் ஆர்? எந்த இயக்கம்? துறைமுகத்தில் பழகிய சிங்களத்தில் அப்பா பொறுமையாகச் சொல்லியிருக்கிறார், என் மகன் கட்டை சேர்த்தான், கட்டையைக் கொடுத்து எடுத்தது என்று. "அவனுக்கு வெளங்கல்ல தம்பி. சேத்தது எண்டா காசு சேத்ததா எண்டு கேக்கான். ஐயா திரும்பவும், இல்ல, கட்டைதான் சேத்தான், அறுபதாயிரம் கட்டை எண்டு செல்றார். பைத்தியக்காரன் மாதிரி நடிக்கிறியா எண்டு அடிச்சான். நான் எறங்கிப் போனேன், எனக்கும் துவக்க நீட்டிட்டான்." லொறியைப் போகச் சொல்லிவிட்டார்களாம். நியாஸ் கண்ணாடியில் கடைசியாகப் பார்த்தபோது, அப்பா வீதியோரம் தன் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்திருக்கிறார்.

அந்த நேரத்தில் மனுசனுக்கு என்ன புத்தி வேலை செய்யும்? நான் அழைத்தது விமானக் கம்பனியைத்தான். இருக்கையை வைத்திருக்கச் சொல்லவேண்டும், அப்பாவை விட்டுவிடுவார்கள், பிந்தித்தான் வருவார் என்று சொல்லவேண்டும். ஒரு பெண் எடுத்தாள், நல்ல இனிமையான குரல். பயணி செக்பொயின்ற்றில் மறிக்கப்பட்டுவிட்டார் என்றேன். விளங்குகிறது, பாதுகாப்புச் சோதனையில் வரிசை நீளமாக இருப்பது வழமைதான், அதனால்தான் மூன்று மணித்தியாலம் முந்தி வரச்சொல்லி ரிக்கற்றிலேயே எழுதியிருக்கிறோம் என்றாள். அவர் இரண்டு நாள் முந்தி வெளிக்கிட்டவர் என்றேன். அவளுக்கு ஏதோ பகிடியாகப் பட்டிருக்கவேண்டும். மெல்லச் சிரித்துவிட்டு, அவ்வளவு முந்தி வரத் தேவையில்லை சேர் என்றாள். அவளைக் குறைசொல்லி என்ன? அப்பா சொன்னது அங்கே அவனுக்கு விளங்கவில்லை, நான் சொன்னது இங்கே இவளுக்கு விளங்கவில்லை.

பிறகு நடந்ததை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் எத்தனையோ பேருக்கு அது சொந்த அனுபவம். அப்பாவின் தங்கச்சி, என் மாமி, முகாம் முகாமாக, அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் படத்தோடு அலைந்தாள். அப்படி ஒருவரை நாங்கள் மறிக்கவேயில்லை என்று ஒரு கந்தோர். பதிவில் இல்லை என்று இன்னொன்று. அவர் கனடாவுக்குப் போய்விட்டாராமே, விசா இருந்ததே என்று மூன்றாவது ஒன்று. நான் எழுதாத இடமில்லை. இங்கிருந்து எழுத எழுத, அங்கே அப்பாவின் பெயர் ஒவ்வொரு புத்தகமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஐந்தாறு மாதம் கழித்து விமானக் கம்பனியிடமிருந்து ஒரு கடிதம். உங்கள் நிலைமையைக் கருத்தில் கொண்டு, நல்லெண்ணத்தின் அடையாளமாக, அறுபதினாயிரம் மைலையும் உங்கள் கணக்கில் திருப்பிப் போட்டிருக்கிறோம். எனக்குத் தெரியாமல் வதனி எழுதியிருக்கிறாள். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது எனக்கு. "ஆரைக் கேட்டு எழுதினனீர்? அப்பாவை வித்துப்போட்டுக் கட்டை வாங்குறீரோ?" என்று கத்தி, காட்டை வெட்ட அலுமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். இவ்வளவு காலத்தில், நான் சொன்னேன்தானே என்று ஒரு சொல் சொன்னதில்லை அவள். அன்றைக்கும் சொல்லவில்லை. "அது உங்கடை கட்டை இல்லை. மாமாவின்ரை. நாளைக்கே அவரை விட்டால் ரிக்கற்றுக்கு எங்கை போறது?" என்றாள். கத்தரிக்கோலை வைத்துவிட்டு நிலத்தில் இருந்து அழுதேன்.

வதனி பொடி எழுத்தை மறுபடியும் வாசித்துவிட்டுச் சொன்னாள், ஒரு வருஷம் காட்டைப் பாவிக்காமல் விட்டால் மைல் அத்தனையும் அழிந்துபோகுமாம். ஆகையால் மாதம் ஒருமுறை, பிந்திவிடக்கூடாது என்ற பயத்தில், அந்தக் காட்டில் ஏதாவது ஒன்று வாங்குகிறோம். மற்ற எல்லாவற்றுக்கும் காசுதான். வாங்கிய பிறகு மைல் பத்திரமாக இருக்கிறதா என்று கணினியில் பார்ப்பேன். அந்தப் பக்கத்தில் 'உங்களோடு பயணம் செய்பவர்கள்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஒரே ஒரு பெயர், அப்பாவுடையது. கீழே பிறந்த திகதி, அதன் பக்கத்தில் வயது. நான் போட்டபோது அறுபத்தேழு. போன மாதம் பார்க்கிறேன், அறுபத்தொன்பது என்று தானாகவே மாறியிருக்கிறது. ஊரில் ஒரு கந்தோரிலும் அவர் இல்லை. காலடி வைக்காத இந்த நாட்டில், ஒரு விமானக் கம்பனியின் கணக்கில், அவருக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. நான் இங்கே வரி கட்டுகிறேன், பனி தள்ளுகிறேன், பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறேன். ஆனால் என்னை எங்கே இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், அந்தச் சாவடியடியில், அவருடைய பெட்டிக்கு மற்றப் பக்கத்தில் என்றுதான் உண்மையில் சொல்லவேண்டும். பெயருக்கு நேரே சின்னதாக ஒரு கேள்வி எப்போதும் நிற்கிறது: இந்தப் பயணியை நீக்கவா? ஒவ்வொரு மாதமும் நான் இல்லை என்பதை அமத்துகிறேன். பெயர் இருக்கிறதா என்று இன்னொருமுறை பார்த்துவிட்டுத்தான் மூடுகிறேன்.