மௌனம் காத்த அட்மிரல்

விமானம்தாங்கிக் கப்பலிலிருந்து விமானங்கள் புறப்படும்போதெல்லாம் அட்மிரல் இசேமுரா மேல்தளத்துக்கு வந்து, தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றுவார். கடற்படை வழக்கம்தான். மற்றவர்கள் இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் கடைசி விமானம் புள்ளியாகும்வரை சுழற்றுவார். திரும்பி வருகிறவர்களைப் பார்க்க மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. போருக்கு முன்பிருந்தே அவருக்குப் பணிவிடை செய்த தொமெசோ இதைக் கவனித்திருந்தான். பெரிய மனிதர், வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

போரின் முதல் மாதங்களில் அவருக்குத் தொட்டதெல்லாம் வெற்றி. பத்திரிகைகளில் படம் வந்தது. அதே கப்பலில் தொமெசோவின் தம்பி யசாகு, மூவர் போகும் விமானத்தில் தந்தி அடிப்பவன்.

"அட்மிரலுக்கு முள்ளும் நீதான் எடுத்துக் குடுக்கிறியாண்ணா?"

"வாய மூடுடா. மிச்ச மீன் வேணுமா, வேணாமா?"

"வேணும், வேணும். அட்மிரல் வாழ்க!"

வடகடலில் ஒரு முற்பகல். வேவு பார்க்கப் போன விமானங்கள் திரும்பும் நேரத்தில் மூடுபனி இறங்கியது. கப்பலிலிருந்து சிறிது நேரம் வானொலி ஒலி அனுப்பினால் போதும்; திசை பிடித்து வந்து பக்கத்துக் கடலில் இறங்குவார்கள், படகு போட்டுத் தூக்கிவிடலாம். ஆனால் எதிரிக்கும் கப்பல் இருக்குமிடம் தெரிந்துவிடக்கூடும்.

தொமெசோ தேநீரோடு போனபோது தந்தி அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தார்: "யசாகு விடாம அடிக்கிறான் ஐயா. எண்ணெய் தீரப்போகுதாம், திசை கேக்குறான்."

"பதில் வேண்டாம்."

பணியாள் தானாக வாய் திறக்கக்கூடாது. தொமெசோ திறந்தான். "ஐயா, அவன் என் தம்பி. ஒரே ஒரு தடவ..."

அட்மிரல் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். "ஆறிப்போயிருக்கு. இவனக் கீழ கொண்டுபோங்க."

கீழ்த்தளத்தில் அவனைச் சுவரில் கையூன்றி நிற்கவைத்துத் தடியால் அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் நன்றி சொல்ல வேண்டும். அது கப்பல் விதி.

"நன்றி ஐயா!"

தலைக்கு மேல் ஒரு விமானத்தின் இரைச்சல் வந்தது, தாண்டிப் போனது, திரும்பி வந்தது.

"நன்றி ஐயா!"

பிறகு இரைச்சல் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குள் பனி விலகிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் எதிரி இல்லை, யாருமே இல்லை.

யசாகு எதிரியோடு போரிட்டு மாண்டதாக வீட்டுக்குச் செய்தி போனது. சில நாள் கழித்து அட்மிரல் கூப்பிட்டார். "போர் முடியட்டும். உங்க அம்மாகிட்ட நானே வந்து, நடந்தத என் வாயால சொல்லித் தலகுனியறேன்." தொமெசோ அழுதுகொண்டே வணங்கினான். அடித்த கைக்கும் நன்றி, இதற்கும் நன்றி. எங்கிருந்து வந்தது அவனுக்கு அவ்வளவு நன்றி?

அடுத்த ஆண்டுகளில் அட்மிரலின் கப்பல்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஒவ்வொரு முறையும் அவர் படகில் இறங்கி வேறு கப்பலுக்கு மாறினார். கடைசியில் கரையில் ஒரு பதவி கொடுத்தார்கள். போர் முடிந்தது.

பல ஆண்டு கழித்து, பழைய மாலுமிகளின் விருந்துக்காக அவர் தொமெசோவின் ஊரான ஓனோமிச்சிக்கு வந்தார். தொமெசோ ரயில் நிலையத்தில் காத்திருந்தான்.

"வீடு இங்கதான் ஐயா, இந்தப் படி ஏறினா..."

அட்மிரல் மலைப்படிகளை அண்ணாந்து பார்த்தார். "முழங்கால் வலிக்குதப்பா. அடுத்த தடவ வரேன்."

வசந்தம் வருமுன் செத்துப்போனார்.

தொமெசோ அதை அம்மாவிடம் சொல்லவில்லை. "யாரோ பெரியவர் வரேன்னாருன்னியே, எப்படா வராரு?" என்று அவள் கேட்டாள். "எம்புள்ள கடைசியா ஏதாச்சும் கேட்டானான்னு விசாரிக்கணும்."

"வருவாரும்மா," என்றான்.