தொட்டிக்குள் சிப்பி

வளைகுடாவிலிருந்து பையன்கள் போன் பண்ணுகிறார்கள். வீட்டில் மீன் தொட்டி வைத்து, அந்தத் தண்ணீரிலேயே காய்கறி வளர்க்க வேண்டுமாம். "அக்கா, இங்கன பாலைவனம், வெயிலு கொல்லுது" என்று ஆரம்பிப்பார்கள். மே மாதம் தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு மத்தியானம் நின்றுவிட்டு அப்புறம் பேசு என்பேன். வெயிலுக்கு வழி இருக்கிறது. நிழல்வலை கட்டு, பைப்புக்கு வெள்ளை அடி, இடமிருந்தால் தொட்டியைப் பாதி மண்ணில் புதை. வெயிலால் செத்த மீனைவிட, தொட்டியில் கண்டதைப் போட்டுச் செத்த மீன்தான் நான் அதிகம் பார்த்தது. நான் போட்ட முதல் தொட்டியிலேயே பார்த்துவிட்டேன்.

1. முதல் மாடி

இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றில் தண்ணீர் சோதிக்கும் வேலை பார்த்தேன். டெஸ்ட் கிட்டைப் பிடிக்கத் தெரியாத ஒருவனை எனக்கு மேலே போட்டார்கள். அதை மேனேஜரின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். "போய் என்ன பண்ணப் போற?" என்றான். "மாடியில மீன் வளப்பேன், கத்தரிக்காயும் வளப்பேன்" என்றேன். கோபத்தில் வாயில் வந்தது. சொன்ன பிறகு செய்யாமல் இருக்க முடியுமா?

முதல் வாடிக்கை திரேஸ்புரம் லூர்து அண்ணாச்சி. சங்கு குளித்தவர். காது போனதும், இனி தலையைத் தண்ணிக்குள் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து வீட்டில் உட்கார்ந்து எல்லோரிடமும் சண்டை. அவர் மனைவி பிலோமி மதினிதான் என்னைக் கூப்பிட்டது. "காய் காய்க்குதோ இல்லையோ, இந்த மனுசனுக்குப் பாத்துக்கிட்டிருக்க ஒரு தண்ணி வேணும்" என்றார்.

எனக்கு இந்த மாடி தேறியாக வேண்டும். தேறினால் தெருவில் நாலு வீடு கூப்பிடும். தேறாவிட்டால் திரும்ப அந்த மேனேஜர் வாசல்தான்.

அமைப்பு எளிது. கீழே தொட்டியில் ஜிலேபி மீன். பம்ப் அந்தத் தண்ணீரை மேலே கல் நிரப்பிய படுகைக்கு ஏற்றும். கல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா மீன் கழிவை உரமாக்கும். செடி அதைத் தின்னும். சுத்தமான தண்ணீர் கீழே இறங்கும்.

கருங்கல் ஜல்லி கேட்டேன். அண்ணாச்சி முற்றத்து மூலையில் குவிந்து கிடந்த சிப்பியையும் உடைந்த சங்கையும் காட்டினார். "கடலு குடுத்தத வச்சிக்கிட்டு எவனாவது கல்லு வாங்குவானா, ஏளா?" நானும் தலையாட்டினேன், படுகை முழுக்க அதையே நிரப்பினோம். பண்ணையில் ஃபில்டருக்குச் சிப்பி ஓடுதான் போடுவோம். அது கடல் தண்ணீர். இங்கே குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர் என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. கடலை விட்டால் வேறு தண்ணி தெரியாத ஜனம் நாங்கள்.

2. மஞ்சள்

வெண்டை, மிளகாய், கொடிப்பசலை எல்லாம் ஜோராக முளைத்தன. அப்புறம் இலை மஞ்சளடித்தது. நரம்பு மட்டும் பச்சை. வெயில் என்று நினைத்து இன்னொரு நிழல்வலை கட்டினேன். கோடை ஏற ஏற, மத்தியானத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. சாகவும் ஆரம்பித்தன. எதிர்வீட்டுக்காரர் தெருவில் நின்று, "அண்ணாச்சி, மாடியில கருவாடா போடுதீக?" என்று கேட்டார்.

தண்ணீரின் புளிப்பு, காரம் காட்டும் பிஎச்சைப் பார்த்தேன். கலர் கார்டில் உச்சியில் நின்றது. சிப்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பிஎச்சை ஏற்றிவிட்டது. அந்தத் தண்ணீரில் வேருக்கு இரும்புச் சத்து ஏறாது. மீன் விடும் அமோனியா விஷமாகும், சூட்டில் இன்னும் அதிகமாக. அவர் கண் முன்னாலேயே ஒரு சிப்பியில் வினிகர் ஊற்றினேன். நுரைத்தது, அத்தனையும் சுண்ணாம்பு. இதையெல்லாம் அள்ள வேண்டும் என்றேன்.

அவருக்கு வந்ததே கோபம். "ஒவ்வொண்ணும் நான் மூச்சப் புடிச்சி எடுத்துட்டு வந்தது. ஜல்லிக்காக அள்ளி எறியச் சொல்லுதியா?"

எனக்கும் ஏறிவிட்டது. "கீழ கெடக்க மீனுக்கு மூச்சு வேண்டாமா அண்ணாச்சி?"

மதினிதான், "எடுத்துட்டு வரத் தெரிஞ்சவருக்கு எடுத்துப் போடத் தெரியாதாக்கும்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் நான் மண்வெட்டியோடு போனேன். அவர் அதைத் தொட விடவில்லை, வேர் அறுந்துவிடுமாம். படுகைக்கு முன்னால் மண்டி போட்டு, முழங்கை வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி எடுத்தார். கடலுக்கு அடியில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எத்தனையோ மாடிகளில் வேலை பார்த்துவிட்டேன். கண்ணுக்குள் நிற்பது அந்தக் காலைதான்.

ஜல்லி போட்டோம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். மிச்ச மீன் பிழைத்தது. புது இலை பச்சையாக வந்தது. கருவாடு கேட்டவரே மேலே ஏறி வந்து, தன் வீட்டுக்கும் ஒன்று போட்டுத் தரச் சொன்னார்.

3. வலைப்பை

மழைக்காலம் முடிந்தபோது இன்னொரு கூத்து. மீன் இரை எடுக்கவில்லை, செடி வளராமல் நின்றது. பார்த்தால் பிஎச் அடியில் கிடக்கிறது. அந்தப் பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீர் புளிக்கும். ஆற்றுத் தண்ணீரில் அதைத் தாங்கச் சுண்ணாம்பு போதாது, கருங்கல்லும் கொடுக்காது. கொஞ்சம் சிப்பி வேண்டும்.

எந்த வாயால் சொல்ல? சொன்னேன். அண்ணாச்சி, "கடலத் தொரத்திவிட்டுட்டு இப்ப வெத்தல பாக்கு வச்சிக் கூப்புடுதியாளா?" என்று சிரித்தார். உள்ளே போய், முங்கும்போது இடுப்பில் கட்டும் வலைப்பையை எடுத்து வந்தார். ஒரு கைப்பிடி சிப்பியைப் போட்டு, கயிறு கட்டித் தொட்டிக்குள் இறக்கினார். பிஎச் ஏறினால் பையைத் தூக்குவது, இறங்கினால் விடுவது. அதற்குப் பிறகு அதுவே அவர் உத்தியோகம். வீட்டில் சண்டை குறைந்தது என்று மதினி சொன்னார்.

இப்போது நான் போடும் எல்லா மாடியிலும் ஒரு பை தொங்கும். பாலைவனத்துப் பையன்களுக்கும் இதைத்தான் சொல்லுகிறேன். வீடியோவில் எவனோ சொன்னான் என்று எதையும் தொட்டியில் கொட்டாதே. எது போட்டாலும் கயிறு கட்டிப் போடு, தப்பானால் தூக்கிவிடலாம்.

அண்ணாச்சி இப்போது இல்லை. இருந்தவரை, நான் தண்ணீர் பார்க்கப் போகும் நாளெல்லாம் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், கயிறு விரலில் சுற்றியிருக்கும். சங்கு குளிப்பவன் கடலுக்குள் இருக்கையில், மூச்சு முடிகிறபோது இழுக்க மேலே படகில் ஒருவன் அப்படித்தான் கயிற்றைப் பிடித்திருப்பானாம். டெஸ்ட் கிட்டில் கலர் மாறுவதற்குள் பொறுமையில்லாமல் கேட்பார்:

"இழுக்கவா, ஏளா?"

"பொறுங்க அண்ணாச்சி. இன்னும் மூச்சு இருக்கு."